பேத்தியின் மோட்டார் சைக்கிளும் மூவ்மென்ட் ரிஜிஸ்டரும்

மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் சில மாதங்களாக எனக்கு ஒரே விசாரணை. "உங்க பேத்தி தனியா மோட்டார் சைக்கிள்ல பாலைவனத்துக்குப் போனாளாமே, நீங்களும் சரின்னு சொன்னீங்களாமே?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள், நல்லவர்கள். கேள்வியில் பாதி கவலை, பாதி கண்டனம். நடந்துகொண்டே பதில் சொன்னால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். வயது வந்த பிள்ளை, வண்டி நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளை, தனியாகக் காட்டுக்கும் பாலைவனத்துக்கும் போகிறேன் என்று வந்து நின்றால், பெரியவர்கள் தடுக்கக் கூடாது. எந்த வழியாகப் போகிறாய், எந்த ராத்திரி எங்கே தங்குவாய், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, அதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாம் தடுத்தால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடப் போவதில்லை. நம்மிடம் சொல்லாமல் போவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். மகள் குடும்பம் பிரான்சில் தூலூஸ் நகரத்தில் இருக்கிறது. பேத்திக்கு வயது இருபத்தாறு. வேலை பார்க்கிறாள். ஏழு வருடமாக வண்டி ஓட்டுகிறாள். பஞ்சர் ஒட்டுவாள், செயின் மாற்றுவாள். சென்ற ஏப்ரல் கடைசியில் செத் துறைமுகத்தில் வண்டியோடு கப்பல் ஏறி மொரோக்கோவில் இறங்கினாள். பன்னிரண்டு நாள் பயணம். முதலில் அட்லஸ் மலைக் காடு, பிறகு மலையைக் கடந்து சகாராவின் ஓரத்தில் இருக்கும் மெர்சூகா மணல்மேடுகள், பிறகு திரும்பி வருவது. உடன் யாரும் இல்லை.

வண்டி என்றால் தார்ச்சாலையிலும் மண்தடத்திலும் ஒன்றுபோல ஓடுகிற ரகம். பிரெஞ்சில் இதை 'த்ரெய்ல்' என்பார்கள். நம் ஊரில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஜாதி. நான் தொலைபேசியில் முதலில் கேட்ட கேள்வியே வண்டி பற்றித்தான். அவளுடைய நண்பர்கள் எல்லாரும் யமஹாவின் தெனெரே 700 வாங்கச் சொன்னார்களாம். பெயரே பாலைவனத்தின் பெயர், எழுநூறு சிசி, இருநூறு கிலோவுக்கு மேல் எடை. இவள் ஹோண்டாவின் சிஆர்எஃப் 300 ரேலியை எடுத்தாள். 153 கிலோ. ஏன் என்று கேட்டதற்கு, "தாத்தா, மணல்ல வண்டி கண்டிப்பா விழும். விழுந்தா நான் ஒருத்தியே தூக்கி நிறுத்தணும்ல" என்றாள். அந்த ஒரு பதிலில் என் பயத்தில் பாதி போய்விட்டது. விழ மாட்டேன் என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

மீதிப் பாதி பயத்துக்கு நான் கண்ட மருந்து மூவ்மென்ட் ரிஜிஸ்டர். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அலுவலக நேரத்தில் யார் வெளியே போனாலும் பெயர், போகும் இடம், காரியம், கிளம்பிய நேரம், திரும்பும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டிய பதிவேடு. பல நாள் வெளியூர் போகிறவர்களுக்கு டூர் புரோகிராம் என்று தனித் தாள் உண்டு. முப்பத்தைந்து வருடம் நான் அந்தத் தாள்களைக் கோப்பில் கோத்தவன். அதைப் பலர் வெறும் சடங்கு என்று நினைத்தார்கள். 1977க்குப் பிறகு நான் அப்படி நினைத்ததில்லை.

அந்த வருடம் நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் கரையில் பெரும் புயல் அடித்தது. காரைக்காலும் அதில் மாட்டிக்கொண்டது. எங்கள் அலுவலகத்துப் பொறியாளர் ஒருவர் அப்போது காரைக்கால் பக்கம் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தொலைபேசி செத்துவிட்டது. சாலையெல்லாம் மரம். அவருடைய மனைவி தினமும் அலுவலக வாசலில் வந்து நின்றார். தேட ஜீப் கிளம்பியபோது டிரைவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சார் எங்க இருப்பாரு?" நான் கோப்பிலிருந்து டூர் புரோகிராமை எடுத்துக் கொடுத்தேன். இன்ன தேதி இரவு திருநள்ளாறு பக்கம் இன்ன ஊர் என்று இருந்தது. ஜீப் நேராக அங்கே போயிற்று. மனிதர் ஊர்க்காரர்களோடு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார். அந்தத் தாள் இல்லாவிட்டால் எத்தனை ஊரில் விசாரித்திருப்பார்கள்?

அதே 1977ஆம் வருட ஆரம்பத்தில், பாலைவனத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் தொலைந்து போனார். தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர். ஐவரி கோஸ்டின் அபிஜானிலிருந்து பிரான்சின் நீஸ் வரை நடந்த பந்தயத்தில் யமஹா எக்ஸ்டி 500 வண்டியில் வந்தவர், லிபியப் பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். தண்ணீர் இல்லை, நிழல் இல்லை. சில நாள் கழித்து, தேடி வந்த விமானத்தின் கண்ணில் பட்டுப் பிழைத்தார். பிழைத்து வந்தவர்தான் பாரிஸ்-தக்கார் பந்தயத்தை ஆரம்பித்தார். 1978 டிசம்பர் 26இல் பாரிசிலிருந்து முதல் பந்தயம் கிளம்பியது. அவருடைய தைரியத்தைப் பற்றிப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. நான் அதில் பார்ப்பது வேறு. பந்தயம் என்பதால் யார் கிளம்பினார், யார் வந்து சேரவில்லை என்று ஒரு கணக்கு இருந்தது. ஒரு பெயர் குறைந்ததால்தான் தேடினார்கள். பாலைவனமானாலும் திருநள்ளாறு ஆனாலும் ஆளைக் காப்பாற்றியது 'இவர் வந்து சேரவில்லை' என்று கவனித்த ஒருவர்.

எனவே பேத்தியிடம், "நீ போ. ஆனா எனக்கு டூர் புரோகிராம் வேணும்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு. பத்தி பிரித்து மாதிரித் தாள் அனுப்பினேன். தேதி, கிளம்பும் ஊர், சேரும் ஊர், வழி, பெட்ரோல் எங்கே, இரவு எங்கே, தகவல் அனுப்பும் நேரம், கடைசிக் கெடு. எட்டு பத்தி. அவள் நிரப்பி இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்று தூலூஸில் அம்மாவிடம், ஒன்று புதுச்சேரியில் என்னிடம்.

நிரப்பும்போதுதான் பயணமே சரியாகத் திட்டமாயிற்று என்று அவளே பிறகு சொன்னாள். சிலவற்றைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

பெட்ரோல் பத்தி: டேங்க் 12.8 லிட்டர். லிட்டருக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே ஓட்டிப் பார்த்து, மணலில் கூடுதலாகக் குடிக்கும் என்பதையும் கழித்து, ஒரு டேங்குக்கு முந்நூறு கிலோமீட்டர் என்று வைத்தாள். எந்த நாளும் அதற்குள் பெட்ரோல் ஊர் வரவேண்டும்.

காட்டுப் பகுதி: அஸ்ரூ, இஃப்ரான் என்ற ஊர்களைச் சுற்றி அட்லஸ் சீடர் மரக் காடு. நம் இமயமலைத் தேவதாருவின் உறவு மரம். வாலில்லாத மக்காக் குரங்குகள் அங்கே உண்டு. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் ஆப்பிரிக்காவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இந்த இஃப்ரானில்தான், 1935இல், பூஜ்யத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 24 டிகிரி. ஆகவே பாலைவனத்துக்குப் போகிறவள் பையில் கம்பளி உள்ளாடை இருந்தது.

மலைப் பகுதி: மிடெல்ட் என்ற ஊருக்கு மேலே அயாஷி மலை, 3,700 மீட்டருக்கு மேல் உயரம். அதன் அடிவாரத்தில் ஜாஃபார் என்ற வளைந்த பள்ளத்தாக்கு வழியாக ஒரு பிஸ்த் போகிறது. பிஸ்த் என்றால் தார் போடாத தடம். பனி உருகினாலும் மழை பெய்தாலும் அந்தத் தடத்தை ஓடைகள் அறுத்துவிடும். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அந்த நாளுக்கு மட்டும் கெடுவை மறுநாள் நண்பகல் என்று அவள் தாராளமாக வைத்தாள்.

பாலைவனப் பகுதியில்தான் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம். மெர்சூகாவிலிருந்து தெற்கே தாவூஸ், ரம்லியா வழியாக சகோராவுக்கு ஒரு பிஸ்த் உண்டு. மோட்டார் சைக்கிள்காரர்கள் அதைப் பெருமையாகப் பேசுவார்கள். ரம்லியாவில் ஒரு காட்டாற்றுப் படுகை அகலமாகக் குறுக்கிடும். பவுடர் போன்ற புழுதி மணல், பிரெஞ்சில் 'ஃபெஷ்-ஃபெஷ்' என்பார்கள். சக்கரம் புதைந்தால் ஒருவரால் எடுப்பது கஷ்டம். பக்கத்திலேயே அல்ஜீரிய எல்லை. 1994 முதல் மூடிக் கிடக்கும் எல்லை. வழி தவறிக் கிழக்கே போனால் ராணுவத்திடம்தான் போய் நிற்க வேண்டும். "இந்த ஒரு துண்டை நீ தனியாத்தான் போகணுமா?" என்று கேட்டேன். போகாதே என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் திருத்திய தாள் வந்தது. 'மெர்சூகா விடுதியில் அந்த வழி போகும் வேறு இரண்டு வண்டிகள் கிடைத்தால் பிஸ்த், கிடைக்காவிட்டால் ரிசானி, அல்னீஃப் வழியாகத் தார்ச்சாலை' என்று எழுதியிருந்தாள். கடைசியில் துணை கிடைக்கவில்லை, தார்ச்சாலையில்தான் போனாள். தனியாகப் போகிறவர்களுக்கு வேண்டிய புத்தி இதுதான் என்று நினைக்கிறேன். எதைத் தனியாகச் செய்யக் கூடாது என்று கிளம்பும் முன்பே தெரிந்து வைத்திருப்பது.

இனி அந்த ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். ஜாஃபார் பிஸ்த் வழியாக இமில்ஷில் என்ற மலையூருக்குப் போகிற நாள். தகவல் வரவேண்டியது அவர்கள் நேரம் இரவு எட்டு மணி. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வரவில்லை. ஒரு மணிக்கு மகள் தூலூஸிலிருந்து கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அப்பா, நான் போலீஸுக்குப் போன் பண்ணப் போறேன்."

"பேப்பர்ல கெடு எத்தனை மணிம்மா?"

"நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு. இப்போ பேப்பரா முக்கியம்?"

"அது அவ பகல்ல, நிதானமா யோசிச்சு எழுதினது. நாம இப்போ ராத்திரியில, பயத்துல யோசிக்கிறோம். எது சரியா இருக்கும்னு நீயே சொல்லு."

அழுதாள். நானும் தூங்கினேன் என்று சொன்னால் பொய். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கெடு தாண்டினால் செய்ய வேண்டியதைத் தயார் செய்தோம். மொரோக்கோவில் ஊருக்கு வெளியே உதவி கேட்கும் எண் ஜாந்தார்மெரியின் 177. அது அந்த நாட்டுக்குள்ளிருந்து கூப்பிடத்தான். நம் 112 போல. வெளிநாட்டிலிருந்து அந்தச் சிறிய எண்ணைச் சுழற்றிப் பயனில்லை. அதனால் இமில்ஷில் விடுதியின் முழு எண், ஃபெஸ் நகரத்தில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் எண் இரண்டையும் தாளிலேயே வாங்கி வைத்திருந்தோம். வண்டி எண், வண்டி நிறம், மேல்சட்டை நிறம், ஹெல்மெட் நிறம், கிளம்பிய நேரம், வழி எல்லாவற்றையும் நான் பிரெஞ்சில் பத்து வரியில் எழுதி மகளுக்கு அனுப்பினேன். கூப்பிடும்போது பதற்றத்தில் வாய் குழறினாலும் அதைப் பார்த்து வாசித்துவிடலாம். மனுவை எப்போதும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பது குமாஸ்தா புத்தி.

மறுநாள் அவர்கள் நேரம் காலை ஒன்பதரைக்குச் செய்தி வந்தது. மலையில் மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது. இருட்டில் இறங்காமல், பின்னால் இருந்த சிற்றூருக்குத் திரும்பி ஓர் அமாசிக் குடும்பத்தின் வீட்டில் தங்கிவிட்டாள். அந்த வீட்டு அம்மாள் ரொட்டியும் புதினா டீயும் கொடுத்தாராம். காலையில் தண்ணீர் வடிந்ததும் கடந்து, சிக்னல் வந்த முதல் மேட்டில் நின்று செய்தி அனுப்பியிருக்கிறாள்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. இரவு எட்டு மணித் தகவலுக்காக அவள் அந்த ஓடையில் வண்டியை இறக்கவில்லை. கெடு மறுநாள் நண்பகல் என்று அவளுக்குத் தெரியும், நாங்கள் அதற்கு முன் ஊரைக் கூட்ட மாட்டோம் என்றும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் நிதானமாகத் திரும்பினாள். அம்மா பயப்படுவாளே என்று அவசரப்பட்டு வெள்ளத்தில் இறங்கியிருந்தால்? பாலைவனம், வறண்ட மலை என்றால் தண்ணீர் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் மொரோக்கோவின் தென்கிழக்கில் பெய்த மழையில் ஆட்கள் செத்தார்கள். பல்லாண்டுகளாக வறண்டு கிடந்த இரிக்கி ஏரி நிரம்பியது. நாம் சொல்லும் கெடு அவர்களை அவசரப்படுத்துவதாக இருக்கக் கூடாது. தாராளமாக இருக்க வேண்டும், ஆனால் தாண்டினால் ஒரு நிமிஷம் சும்மா இருக்கக் கூடாது.

மொரோக்கோ என்றதும் பிரெஞ்சு தெரிந்த நண்பர்கள் எமில் லெரேயின் கதையைச் சொல்வார்கள். 1993இல் சித்ரோயன் தெ ஷெவோ காரில் தனியாக தான்-தான் ஊரிலிருந்து கிளம்பிய எலக்ட்ரீஷியன். ராணுவக் காவல் சாவடியில் போகாதே என்றார்கள். அவர் சுற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் போக, காரின் அடிச்சட்டம் உடைந்தது. அந்தக் காரையே பிரித்து மோட்டார் சைக்கிளாகக் கட்டி வெளியே வந்தார் என்பது அவர் சொன்ன கதை. பன்னிரண்டு நாள் ஆயிற்றாம். கடைசியில் அரை லிட்டர் தண்ணீர்தான் மிச்சமாம். பிடித்த போலீஸ்காரர்கள், வண்டி காகிதத்தில் உள்ளபடி இல்லை என்று அபராதம் போட்டார்களாம். சட்டப்படி சரிதான், கார் என்று நாட்டுக்குள் கொண்டு வந்ததை மோட்டார் சைக்கிளாக வெளியே கொண்டுபோனால் எந்தக் குமாஸ்தா ஒத்துக்கொள்வார்? எல்லாரும் அவருடைய கைத்திறனை மெச்சுகிறார்கள், நானும் மெச்சுகிறேன். ஆனால் பன்னிரண்டு நாள் கதையில் அவரைத் தேடி வந்தவர் என்று ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு உறைக்கிறது. என் பேத்திக்கு அவ்வளவு கைத்திறன் வேண்டாம். இரண்டாம் நாளே தேட ஆள் இருந்தால் போதும்.

இந்தக் காலத்தில் காகிதம் எதற்கு, செயற்கைக்கோள் வழியாக இருக்கும் இடத்தைச் சொல்லும் கைக்கருவி வந்துவிட்டதே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கருவிதான், வசதி இருந்தால் எடுத்துப் போகட்டும். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் அதற்குச் சட்டம் வேறு. நம் நாட்டில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருந்தால் வழக்கே வரும். பேட்டரி தீரும், விழுந்தால் உடையும். அதைவிட முக்கியம், உதவி வேண்டும் என்ற பொத்தானை அழுத்த ஆளுக்கு நினைவு இருக்க வேண்டும். டூர் புரோகிராம் வேலை செய்வது ஆள் பேசாமல் இருக்கும்போது.

மாற்றுக் கருத்துகளையும் பார்ப்போம். பெண் பிள்ளை ஆயிற்றே என்பது முதலாவது. இதைச் சொல்பவர்களில் பலர் சொல்தா குடும்பத்தார். நம் புதுச்சேரித் தெருக்களிலிருந்து பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன பிள்ளைகள் எத்தனை பேர்! மாலை போட்டுக் கப்பலேற்றினோம். கடிதம் வர வாரக் கணக்கு. அங்கே காத்திருந்தது சண்டை. அது கௌரவம், இருபத்தாறு வயதுப் பெண் கூடாரத்தோடு போய் மலை பார்த்து வருவது மட்டும் பைத்தியக்காரத்தனமா? இது புதுசும் இல்லை. அன்-ஃபிரான்ஸ் தொத்வீல் என்ற பிரெஞ்சுப் பெண் பத்திரிகையாளர் 1973இல் சின்னக் காவசாக்கி வண்டியில் தனியாக உலகம் சுற்றினார். அப்போது நான் வேலைக்கே புதியவன். இன்று அந்தப் பெண்மணி என்னைவிட மூத்தவர்.

இரண்டாவது, இவர்கள் மாட்டிக்கொண்டால் மீட்கப் போகிறவர்களுக்கும் உயிராபத்து என்பது. உண்மை. அதனால்தான் தாள் கேட்கிறேன். ஒரு பாதையில் தேடுவதற்கும் ஒரு மாநிலம் அளவு மலையில் தேடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது, காட்டுக்குள் இன்ஜின் சத்தம் எதற்கு என்பது. இதில் நான் கேட்பவர் பக்கம். இருக்கிற தடத்தில் மட்டும் ஓட்ட வேண்டும், மரத்தடியில் புதுத்தடம் போடக் கூடாது, குரங்குக்குத் தீனி போடக் கூடாது. இதையும் பேத்தியின் தாளில் கடைசி வரியாகச் சேர்த்தேன். பந்தயங்களையும் நான் ஆதரிக்கவில்லை. சபீன் ஆரம்பித்த பந்தயத்தில் ஓட்டினவர்கள் மட்டுமல்ல, வழியோரம் வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்களும் செத்திருக்கிறார்கள். அவரே 1986இல் மாலி நாட்டில் பந்தயத்தின்போது ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். பேத்தி போனது யாரையும் முந்துவதற்கு இல்லை.

மறுபடி மூவ்மென்ட் ரிஜிஸ்டருக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் அதில் பாதிப் பதிவு பொய். டீ குடிக்கப் போனவர்கள் 'கருவூலம்' என்று எழுதுவார்கள். மகன் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் 'தலைமைச் செயலகம்' என்று எழுதுவார்கள். ஏன்? உண்மையை எழுதினால் சூப்பரின்டெண்டென்ட் எல்லார் முன்னாலும் கத்துவார். பின்னால் வேறு ஒருவர் வந்தார், கத்த மாட்டார். "சரி, நாலு மணிக்கு வந்துடுங்க" என்பார். ஒரே மாதத்தில் பதிவேடு உண்மையாகிவிட்டது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு எப்போதும் தெரியும்.

வீடும் அப்படித்தான். நாம் கத்துகிற வீட்டில், மலைக்குப் போகிற பிள்ளை 'நண்பன் கல்யாணம்' என்று எழுதிவிட்டுப் போகும். ஏதாவது ஆனால் நாம் கல்யாண மண்டபத்தில் போய்த் தேடிக்கொண்டிருப்போம். நம் வயதில் பிள்ளைகளை நிறுத்தும் பலம் நமக்கு இல்லை. உண்மையைச் சொல்லத் தகுந்த ஆளாக இருக்கும் வாய்ப்பு மட்டும் இருக்கிறது. ராத்திரி கண் விழிப்பதும் நமக்குப் பழக்கம்தானே, அதை ஒரு வேலையாகவே செய்துவிட்டுப் போவோம்.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி பேரன் வரும் ஜூலையில் ஹிமாலயன் வண்டியில் ஸ்பிதி போகிறானாம். அதுவும் பாலைவனம்தான், குளிர்ப் பாலைவனம். வழியில் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். மூச்சு முட்டும், சாலையை ஓடைகள் அறுக்கும், பல இடத்தில் சிக்னல் கிடையாது. என் தம்பி கூடவே கூடாது என்று நிற்கிறான். பையன் என்னைக் கூப்பிட்டு, "பெரிய தாத்தா, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றான். தம்பியிடம் பிறகு பேசுகிறேன் என்றேன். அவனுக்கு முதலில் எட்டு பத்தித் தாளை அனுப்பிவிட்டேன். பெட்ரோல் பத்தியை நிரப்பி நேற்று திருப்பி அனுப்பியிருக்கிறான். கெடு பத்தி இன்னும் காலியாக இருக்கிறது. அதை நிரப்பியதும் தம்பியிடம் பேசுவேன்.